கல் விழுந்த ஊரின் பெயர்

ஏலகிரி மலை, அத்தனாவூர்
9 ஜூலை 2023

அன்புள்ள சுகிர்தா அக்காவுக்கு,

ஏஞ்சலின் எழுதுவது. இந்த மலைக்குளிருக்கு மூக்கு ஒழுகுவது ஒன்றுதான் குறை, மற்றபடி சுகம். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? அம்மா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நைனாவுக்கு இன்னும் ராத்திரிக் காவல்தானா?

கடிதம் எழுதக் கூச்சமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி. ஆனால் அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டோமே. அன்றைக்கு நாம் போனில் கத்திய கத்தலில் அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னாடி, போனை எடுத்தா கட்டிப் பொரள்றீங்க. ஒரே பேஜாரா கீது. இனிமே போனே வேணாம். எதுனா சொல்லணும்னா காயிதத்துல எழுதிக்கினு கெடங்க. எழுதறதுக்குள்ள கோவம் ஆறிப்பூடும்."

எனக்கு ஆறிவிட்டது. உனக்கு எப்படி என்று தெரியவில்லை. இந்த வேலைக்கு விளம்பரம் பார்த்தவள் நீ, விண்ணப்பம் போட்டவள் நீ. நான் துணைக்கு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தவள். தணிகாசலம் ஐயாதான் "நீயும் ஒரு பக்கம் வாசிச்சுப் பாரும்மா" என்று கூப்பிட்டார். நானாகப் போய் நிற்கவில்லை அக்கா.

ஐயா நாற்பது வருடமாக விண்கற்கள் சேர்த்தவர். பெரும்பாலும் கைக்கு அடங்குகிற துண்டுகள்தான். எல்லாவற்றையும் இங்கே ஒரு கூடத்தில் காட்சிக்கு வைக்கிறார்; வருகிறவர்களுக்குக் கல்லைக் காட்டிக் கதை சொல்லத்தான் என்னை எடுத்திருக்கிறார். வானத்திலிருந்து கல் விழுந்தால், பக்கத்திலிருக்கிற தபால் ஆபீசின் பெயரைத்தான் அதற்கு வைப்பார்களாம், அது பழைய வழக்கம். அதனால் ஒவ்வொரு கல்லும் ஏதோ ஒரு ஊர். அந்த ஊர்க்காரர்கள் எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொல்ல வேண்டும் என்பது ஐயாவின் பிடிவாதம். "நம்ம திருவல்லிக்கேணியை எவனோ டிரிப்ளிகேன்னு சொன்னா நமக்கு எப்படி இருக்கு? அவங்களுக்கும் அப்படித்தானேம்மா இருக்கும்" என்பார்.

எழுது அக்கா. நாலு வரியாவது எழுது.

உன் தங்கை,
ஏஞ்சலின்


புதுவாயல்
30 ஜூலை 2023

ஏஞ்சலினுக்கு,

கடிதம் வந்தது. ஆவி பிடி, மூக்கு சரியாகும். என் கழுத்து எப்போதும் போலத்தான். அம்மா மாத்திரை போடுகிறாள். நைனாவுக்குப் பகல் காவல் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. போன ஞாயிறு ஆலயத்தில் வேதபாடம் வாசித்துவிட்டு இறங்கினேன். வாசலில் மூன்று பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வாசித்ததைப் பற்றிச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். "உன் தங்கச்சி மலை மேல பெரிய எடத்துல பேசறாளாமே" என்றார்கள். ஆமாம் என்றேன்.

கம்பெனியில் புது ஃபர்னஸ் போடுகிறார்கள். சிப்காட் முழுக்கப் புழுதி. ஸ்டோர்ஸில் ஃபேன் ஓடவில்லை, நீ குளிருகிறது என்று எழுதுகிறாய். ஃபர்னஸ் போடப் போலந்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருக்கிறார். கம்பெனியே அவரைத் தாமஸ் என்று கூப்பிடுகிறது. சாமான் கொடுக்கும்போது ஒரு நாள் நான் கேட்டேன், உங்கள் ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று. தொமாஷ் என்றார். அதிலிருந்து நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன். உன் ஐயா சொல்வது சரிதான். விளம்பரத்தைப் பார்த்தபோதே எனக்கும் அது தோன்றியது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுகிர்தா


அத்தனாவூர்
12 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

மூக்கு நின்றது, இப்போது தொண்டை. உன் கழுத்துக்குத் தலையணையை மாற்றிப் பார்த்தாயா?

ஒரு சந்தோஷச் செய்தி. கூடத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஒரு பொத்தான் வைக்கப் போகிறார்கள். அழுத்தினால் கல்லின் பெயரும் இரண்டு வரிக் கதையும் கேட்கும். அத்தனையும் என் குரலில். ஐயாவே சொல்லிவிட்டார். வருகிறவர்கள் எல்லாரும் என் குரலைக் கேட்பார்கள் அக்கா. என்னால் தூங்க முடியவில்லை.

பெயர்கள்தான் நாக்கைச் சுளுக்க வைக்கின்றன. மெக்ஸிகோவில் விழுந்தது, ஆங்கிலத்தில் பார்த்தால் அல்லெண்டே மாதிரி இருக்கிறது, அயெந்தே என்று சொல்ல வேண்டுமாம். எகிப்தில் விழுந்தது நஃக்லா. நடுவில் வருவதை எப்படி எழுதுவது என்று எல்லாரும் விழித்தபோது நான்தான் ஆய்த எழுத்தைப் போட்டேன். ஐயா மேஜையைத் தட்டிச் சிரித்தார். உகாண்டாவில் விழுந்தது ம்பாலே. வாயை மூடிக்கொண்டு தொடங்க வேண்டும். பிரான்ஸில் ஒன்று ஓர்கேய், அந்தச் சொல்லுக்குக் கர்வம் என்று அர்த்தமாம். நம் பக்கமும் ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் பர்நல்லி என்று எழுதி வைத்திருக்கிறான். பெருநாழியாக இருக்கும் என்கிறார் ஐயா.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. போலந்தில் Pultusk என்று ஒரு ஊர். அங்கே நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் பட்டாணி பட்டாணியாகக் கல்மழையே பெய்ததாம். நடுவிலிருக்கிற எல் எழுத்தின் மேல் ஒரு கோடு போடுகிறார்கள். யூடியூபில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். உன் தொமாஷிடம் கேட்டு அப்படியே தமிழில் எழுதி அனுப்புகிறாயா? என் அக்கா போலந்துக்காரரிடமே கேட்டுச் சொல்வாள் என்று ஐயாவிடம் பெருமையடித்துவிட்டேன். அக்டோபரில் திறப்பு விழா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
ஏஞ்சலின்


புதுவாயல்
17 செப்டம்பர் 2023

ஏஞ்சலினுக்கு,

தொண்டைக்கு மிளகு போட்டுப் பால் குடி. கம்பெனியில் கணக்கெடுப்பு, அதனால்தான் எழுதத் தாமதம்.

தொமாஷிடம் கேட்டேன். எழுதியிருக்கிறபடியே சொன்னால் போதும் என்றார். புல்டுஸ்க். கோடு எல்லாம் சும்மாவாம்.

அம்மாவுக்கு முட்டி வலி. வேறு விசேஷம் இல்லை.

சுகிர்தா


அத்தனாவூர்
22 அக்டோபர் 2023

அக்காவுக்கு,

அம்மாவின் முட்டி வலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

திறப்பு விழா போன ஞாயிறு நடந்தது. ஐயாவுக்குக் கற்கள் வாங்க உதவி செய்கிற ஒரு அம்மாள், போலந்து நாட்டு விஞ்ஞானி, பெங்களூருக்கு ஏதோ மாநாட்டுக்கு வந்தவர் இங்கேயும் வந்திருந்தார். நேராக அந்தக் கல்லிடம்தான் போனார். பொத்தானை அழுத்தினார். என் குரல் வந்தது. திரும்பவும் அழுத்தினார். பிறகு ஐயாவிடம் மெதுவாக, "இது எந்த ஊர்?" என்று கேட்டார்.

அவருடைய அம்மா பிறந்த ஊராம் அது.

ஐயா என்னைக் கூப்பிட்டு யாரிடம் கேட்டாய் என்றார். எங்கள் அக்கா போலந்துக்காரரிடமே கேட்டாள் என்றேன். அந்த அம்மாள் தலையை ஆட்டினார். போலந்தில் பிறந்த யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள் என்றார். அவர் கோபப்படவில்லை. சரியாக எப்படிச் சொல்வது என்றுகூட இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்ததில் காதில் ஏறவில்லை.

எல்லாரும் போன பிறகு ஐயா சொன்னார்: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். கேட்காமலே கேட்டேன்னு சொன்ன பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியலைம்மா."

மற்றப் பெயர்களையும் இனி நம்ப முடியாது என்று எல்லாப் பதிவையும் அழித்துவிட்டார்கள். டிக்கெட் கவுண்டரில் இருந்த காயத்ரி இப்போது கதை சொல்லவும் பதிவுக்கும் போகிறாள். நான் டிக்கெட் கிழிக்கிறேன், கண்ணாடி துடைக்கிறேன்.

அக்கா, அந்தத் தொமாஷ் நிஜமாகவே போலந்துக்காரர்தானா? வேறு நாடாக இருக்குமோ? நன்றாக விசாரித்துப் பார்.

ஏஞ்சலின்


புதுவாயல்
12 நவம்பர் 2023

அன்புள்ள ஏஞ்சலுக்கு,

சாப்பிடாமல் கிடக்காதே. மலையில் குளிர் அதிகமாகியிருக்கும், இத்துடன் ஒரு சால்வை வைத்திருக்கிறேன். பழவேற்காட்டு இறால் கருவாடும் வறுத்து வைத்திருக்கிறேன், காற்றுப் புகாமல் மூடி வை. ஸ்வெட்டர் வேண்டுமா? என்ன நிறம்?

அவர் வேலை அவசரத்தில் ஏதோ சொல்லியிருப்பார். அதை நினைத்துக்கொண்டே இருக்காதே. இந்த வேலை இல்லாவிட்டால் இன்னொன்று. இங்கே கம்பெனியிலும் பெண்களை எடுக்கிறார்கள்.

அம்மா கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குத் தொமாஷைக் கூப்பிட வேண்டும் என்கிறாள். "பாவம், ஊடு வாசல் இல்லாம ஒண்டியா கீறாரு" என்கிறாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. உனக்கு அப்போது லீவு கிடைக்காதுதானே? பண்டிகை நேரத்தில் கூட்டம் வரும். சிரமப்பட்டு வர வேண்டாம்.

உன் அக்கா,
சுகிர்தா


அத்தனாவூர்
7 ஜனவரி 2024

அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். ஜோலார்பேட்டையில் இறங்கியதும் பஸ் கிடைத்தது. அம்மா கட்டிக் கொடுத்த அதிரசம் தீர்ந்துவிட்டது. அவளுக்கு முட்டியில் எண்ணெய் தேய்த்துவிடு.

கிறிஸ்துமஸ் அன்று நீ அடுப்படியில் கறிக்குழம்பு இறக்கிக்கொண்டிருந்தாய். தொமாஷ் கூடத்தில் நைனாவோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "கல் ஊரில் வேலை செய்யும் தங்கை நீதானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன்.

"உன் அக்காவுக்குப் பூவ்துஸ்க் சொல்லிக் கொடுத்தேனே. ஒரே தடவைதான் சொன்னேன். என் மனைவி சொல்வதைவிட அழகாகத் திருப்பிச் சொன்னாள். ஸ்டோர்ஸில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்" என்றார். மனைவிக்கு அனுப்புவதற்காகப் போனில் பதிந்தும் வைத்திருந்தார். போட்டுக் காட்டினார்.

உன் குரல்தான். நான் 'ல்' சொன்ன இடத்தில் உதட்டைக் குவித்து ஒரு 'வ்' சொல்கிறாய். அவ்வளவுதான் வித்தியாசம். பின்னால் யாரோ கை தட்டுகிறார்கள், நீ சிரிக்கிறாய்.

அதை எனக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அதற்குள் நீ குழம்புச் சட்டியோடு வந்தாய். "இன்னா, ரெண்டு பேரும் இன்னா பேசிக்கினு இருந்தீங்க?" என்றாய். சும்மாத்தான் என்றேன். உன் கறியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

உன்னிடம் எதையும் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

ஏஞ்சலின்


புதுவாயல்
18 பிப்ரவரி 2024

அன்புள்ள மகள் ஏஞ்சலினுக்கு நைனா தாவீது எழுதுவது. நாங்கள் சுகம். உன் சுகத்துக்காக ஜெபிக்கிறோம். இனி வருவது உன் அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

ஏம்மா, உனுக்கும் அக்காவுக்கும் இன்னா நடந்துச்சு? அவ காயிதம் எழுத மாட்டேன்றா. உன்னுது வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுது, பைபிளுக்குள்ள வெச்சினு கீறா. ஆலயத்துல பாடம் வாசிக்கவும் போவல. தொண்டை சரியில்லன்னு சபை ஐயருகிட்ட சொல்லிட்டா. என்னாண்ட கத்தறப்ப மட்டும் தொண்டை நல்லாத்தான் கீது. அந்த வெள்ளைக்காரரு ஊருக்குப் போறப்ப சொல்லிக்கினு போக வந்தாரு. இவ ரூமுக்குள்ள பூந்துக்கினு வெளிய வரல. எனுக்கு ஒண்ணும் புரியல. நான்தான போனு வேணாம்னேன். இப்ப காயிதமும் இல்லன்னா நான் இன்னாத்த பண்றது. நீயாவது ஒரு வரி எழுதும்மா.

இப்படிக்கு உன் நைனா, அம்மா சின்னப்பொண்ணு


அத்தனாவூர்
24 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தொண்டை எப்படி இருக்கிறது? உண்மையாகவே கேட்கிறேன், கிண்டல் இல்லை. எனக்கு ஐந்து நாளாக வயிறு சரியில்லை. காரணத்தை எழுதுகிறேன்.

ஜனவரியில் இங்கே வந்ததும் தொமாஷ் கொடுத்த பதிவை ஐயாவிடம் போட்டுக் காட்டினேன். அக்கா கேட்டது நிஜம், நான் பொய் சொல்லவில்லை என்று காட்ட வேண்டும், அதுதான் எண்ணம். ஐயா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. போனைக் காதோடு வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, "யாரும்மா இந்தப் பொண்ணு? வரச் சொல்லு. எல்லாப் பேரும் இந்தக் குரல்லதான் இருக்கணும்" என்றார். காயத்ரியின் பதிவு அவருக்குப் பிடிக்காமல் பாதியில் நின்றிருந்தது.

எங்கள் அக்காதான் என்றேன். அன்றைக்கு வாசிச்ச பொண்ணா என்றார். அன்றைக்கு நீ பயந்து போய்ப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி வாசித்தாயாம். இதில் சிரித்துக்கொண்டே சொல்கிறாயாம்.

அவர் சொன்னது ஜனவரி மாதம். நான் உனக்கு எழுதவில்லை. வாரா வாரம் கேட்கிறார். எழுதியிருக்கிறேன் ஐயா, பதில் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் கடிதம் வந்த பிறகும் அப்படித்தான் சொன்னேன். நீ எனக்குச் செய்ததை நான் யாருக்கும் செய்ய மாட்டேன் என்று நினைத்திருந்தேன் அக்கா. செய்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும்.

போன செவ்வாய்க்கிழமை ஐயா, "சரிம்மா, உங்க அக்காவுக்கு விருப்பமில்லை போல, விட்டுடுவோம்" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அன்றிலிருந்துதான் வயிறு சரியில்லை.

வா. நாலு நாள் வேலை. தங்க இடம் இருக்கிறது.

ஏஞ்சலின்


புதுவாயல்
3 ஏப்ரல் 2024

ஏஞ்சலுக்கு,

வயிற்றுக்கு ஓமத் தண்ணீர் குடி. என் தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

வருகிறேன். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன். பொன்னேரியில் ரயில் ஏறி சென்ட்ரல் வந்து மாறி வருவேன். ஜோலார்பேட்டைக்கு நீ வந்து நில். மலைப் பாதையில் எனக்குத் தலை சுற்றும்.

பதிவு முடிந்ததும் திரும்பிவிடுவேன். உன் வேலை எனக்கு வேண்டாம். வேண்டாம் என்று எழுதுகிறேனே தவிர, வேண்டும்தான். விளம்பரம் பார்த்த நாளிலிருந்து வேண்டும். இன்றைக்கும் வேண்டும். கல்லுக்குப் பக்கத்தில் நின்று நீ பேசியதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. அதை மறைத்துக்கொண்டு உன் முன்னால் வந்து நிற்க முடியாது, அதனால் சொல்லிவிட்டேன். ஆனால் கேட்க மாட்டேன்.

செப்டம்பரில் நான் எழுதியதைப் பற்றி நீ கேட்காதே. இந்த இரண்டு மாதத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை.

சுகிர்தா


அத்தனாவூர்
16 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. சால்வை உதவுகிறது. நீ மறுபடி ஆலயத்தில் வாசிக்கிறாய் என்று அம்மா நைனாவை விட்டு எழுதியிருந்தாள். சந்தோஷம்.

போன மாதம் பொத்தான்கள் எல்லாம் வேலை செய்யத் தொடங்கின. காலையிலிருந்து சாயங்காலம் வரை உன் குரல்தான். நான் சாப்பிடும்போது உன் குரல், கண்ணாடி துடைக்கும்போது உன் குரல். பிள்ளைகள் ஓர்கேயை விடாமல் அழுத்துகிறார்கள். அதைப் பதியும்போது, கர்வம் என்று ஊருக்குப் பெயர் வைப்பார்களா என்று நீ கேட்டுச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பின் மிச்சம் குரலில் இருக்கிறது. ஐயா அதை வெட்ட விடவில்லை.

எனக்குப் பழைய வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கற்களைக் காட்டிக் கதை சொல்கிறேன். ஆனால் கூட்டம் போகும்போது யாராவது ஒருவர் கேட்காமல் போவதில்லை: "பேர் சொல்றது யாருங்க? குரல் ரொம்ப நல்லா இருக்கே." எங்கள் அக்கா என்கிறேன். முதல் வாரம் பெருமையாகத்தான் சொன்னேன். இப்போது கேட்பவர்களைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. அரை மணி நேரம் தொண்டை வறளக் கதை சொன்னவள் எதிரே நிற்கிறேன், கண்ணுக்குத் தெரியாதவளை விசாரிக்கிறார்கள்.

போன வியாழக்கிழமை ஐயா வேலூருக்குப் போயிருந்தார். திருப்பத்தூரிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பஸ் வந்தது. நான் போய் ஸ்பீக்கர் சுவிட்சை அணைத்துவிட்டேன். பொத்தான் கெட்டுப்போச்சு பசங்களா, நானே சொல்றேன் என்றேன். அயெந்தே, நஃக்லா, ம்பாலே, எல்லாவற்றையும் நானே சொன்னேன். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். கூடமே என்னுடையதாக இருந்தது அக்கா. இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

பூவ்துஸ்க் வந்தது. உன்னைப் போல இல்லாமல், என் மாதிரி சொல்ல வேண்டும் என்று வேண்டுமென்றே ஒரு மூச்சு நிறுத்திச் சொன்னேன். முடியவில்லை. உன் உதடு குவிகிற மாதிரியேதான் என் உதடும் குவிந்தது, அந்தச் சிரிப்பு உட்பட. நாற்பது பிள்ளைகளும் அதை அப்படியே திருப்பிச் சொன்னார்கள். திருப்பத்தூரில் இனி நாற்பது பேர் அந்த ஊரை உன்னைப் போலத்தான் சொல்வார்கள், என்னிடம் கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டு.

அவர்கள் போனதும் சுவிட்சைப் போட்டுவிட்டேன். உன் குரல் வந்தது. நின்று கேட்டேன்.

கழுத்துக்குத் தைலம் தேய்.

உன் தங்கை,
ஏஞ்சலின்